மெக்கானிக்கல் ராயல்டியைத் தேடி அலைந்த ஒரு பாடலாசிரியரின் அனுபவம்

நான் தனிப்பாடல்களுக்கு வரிகள் எழுதுகிறேன். நெடுநாள் நண்பரான இசையமைப்பாளர் ஒருவர் மெட்டமைக்க, நான் எழுத, அவரே பாடிப் பதிவுசெய்து, விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாக ஸ்ட்ரீமிங் தளங்களில் வெளியிடுவது எங்கள் வழக்கம். அப்படி வெளியான பாடல்களில் ஒன்று நாங்கள் நினைத்துப் பார்க்காத அளவுக்குப் பரவியது. பல நாடுகளில் கேட்டார்கள். வேறு பாடகர்கள் தங்கள் குரலில் பாடி வெளியிட்டார்கள். ஒலிப்பதிவுக்கான வருமானம் நண்பரின் கணக்கில் மாதந்தோறும் சேர்ந்தது, அதில் எனக்கென்று பேசிய பங்கையும் அவர் தவறாமல் கொடுத்தார். ஆனால் அந்தப் பாடலை எழுதியதற்காக, ஒலிப்பதிவோடு தொடர்பில்லாமல் எனக்குத் தனியே வரவேண்டிய மெக்கானிக்கல் ராயல்டி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக என்னிடம் வந்து சேரவில்லை. அதைத் தேடிப் பெற நான் பட்ட பாட்டை வரிசையாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் இன்னொருவர் படித்துவிட்டு, இன்றைக்கே தன் பாடலைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. நாம் கேட்கும் ஒவ்வொரு பாடலிலும் இரண்டு பதிப்புரிமைகள் உள்ளன. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பின் மீதான உரிமை ஒன்று. அந்தப் படைப்பைப் பாடி, இசைத்துப் பதிவுசெய்த ஒலிப்பதிவின் மீதான உரிமை மற்றொன்று. ஸ்ட்ரீமிங் தளம் ஒரு பாடலை ஒலிக்கச் செய்யும்போது ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு ஒரு தொகை போகிறது. படைப்பின் உரிமையாளர்களுக்குப் போகவேண்டிய தொகை மறுபடியும் இரண்டாகப் பிரிகிறது: பொதுமக்களுக்கு ஒலிபரப்புவதற்கான பெர்ஃபார்மன்ஸ் ராயல்டி ஒன்று, படைப்பைப் பிரதி எடுப்பதற்கான மெக்கானிக்கல் ராயல்டி மற்றொன்று. கேட்பவர் தான் விரும்பிய பாடலைத் தானே தேர்ந்தெடுத்துக் கேட்கும் தளங்களில் இந்த இரண்டுமே உண்டு. அமெரிக்காவில், நிலையம் தருவதை மட்டும் கேட்கக்கூடிய இணைய வானொலி போன்ற சேவைகளுக்கு மெக்கானிக்கல் ராயல்டி இல்லை. ஆகவே ஒரே பாடலிலிருந்து மூன்று வழிகளில் பணம் புறப்படுகிறது. மூன்றையும் வசூலிப்பவர்கள் பெரும்பாலும் வேறுவேறு அமைப்புகள்.

எனக்கு வரவேண்டிய பணம் எங்கே என்று நான் முதலில் கேட்டது விநியோக நிறுவனத்திடம். பாடலுக்கான ராயல்டி முழுவதும் எங்கள் கணக்கறிக்கையிலேயே அடங்கிவிடுகிறது என்று அவர்களுடைய உதவிப் பிரிவிலிருந்து பதில் வந்தது. பதிலை எழுதியவர் ஒலிப்பதிவை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். நான் கேட்டதோ படைப்பைப் பற்றி. அந்த ஒரு வரியை நம்பியே ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது. விநியோக நிறுவனத்தின் படிவத்தில் பாடலாசிரியர் பெயரை எழுதும் இடம் ஒன்று இருக்கும். அங்கே எழுதும் பெயர் தளத்தில் பாடலுக்குக் கீழே தெரியும்; பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அது எந்த வசூல் அமைப்பிலும் படைப்பைப் பதிவுசெய்ததாக ஆகாது. அதனால் விநியோக நிறுவனத்திடம் பொதுவாக ராயல்டி வருமா என்று கேட்காதீர்கள். படைப்புக்கான பப்ளிஷிங் நிர்வாகச் சேவையை, அதாவது படைப்பை வசூல் அமைப்புகளில் பதிவுசெய்து அதற்கான ராயல்டியை வசூலித்துத் தரும் சேவையை, நீங்கள் தருகிறீர்களா, அதற்குத் தனி ஒப்பந்தம் உண்டா, எந்தெந்த நாடுகளில் வசூலிக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தனி ஒப்பந்தம் எதிலும் நீங்கள் கையெழுத்திடவில்லை என்றால், அவர்கள் வழியாக உங்களுக்கு மெக்கானிக்கல் ராயல்டி வராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எழுதியவர்கள் சார்பில் ராயல்டி வசூலிக்கும் அமைப்பான, நான் உறுப்பினராக இருந்த உரிமைச் சங்கத்தை அணுகினேன். அங்கே கிடைத்த தெளிவு என் பார்வையையே மாற்றியது. சங்கங்களின் அமைப்பு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜெர்மனியில் கெமா, பிரான்சில் சாசெம், ஜப்பானில் ஜாஸ்ராக், இந்தியாவில் ஐபிஆர்எஸ் போன்றவை பெர்ஃபார்மன்ஸ், மெக்கானிக்கல் ஆகிய இரண்டு உரிமைகளையும் கையாளுகின்றன. பிரிட்டனில் முதலாவதைப் பிஆர்எஸ் பார்த்துக்கொள்கிறது, இரண்டாவதை எம்சிபிஎஸ் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ ஆகியவை பெர்ஃபார்மன்ஸ் ராயல்டியை மட்டுமே வசூலிக்கின்றன. ஸ்ட்ரீமிங்கின் மெக்கானிக்கல் ராயல்டிக்கு 2018இல் நிறைவேறிய மியூசிக் மாடர்னைசேஷன் சட்டத்தின்படி மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ் என்ற தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. எம்எல்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பு 2021 ஜனவரி முதல் தளங்களுக்கு ஒட்டுமொத்த உரிமம் அளித்து, அவை செலுத்தும் தொகையை மாதந்தோறும் பிரித்துக் கொடுக்கிறது. உறுப்பினராகக் கட்டணம் இல்லை, ராயல்டியிலிருந்து கமிஷனும் பிடிப்பதில்லை. நிர்வாகச் செலவைத் தளங்களே ஏற்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தன் பாடல்களைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் எந்த நாட்டுப் பாடலாசிரியரும் அதில் சேரலாம். ஆக, ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறோம், உலகம் முழுவதும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தோடு இருந்துவிட முடியாது. நீங்கள் சங்கத்துக்குக் கொடுத்துள்ள உரிமை ஆவணத்தைத் திறந்து, மெக்கானிக்கல் உரிமை அதில் அடங்குகிறதா, எந்த நாடுகளுக்கு அது பொருந்துகிறது, குறிப்பாக அமெரிக்காவில் உங்கள் பங்கைச் சங்கமே கோருகிறதா அல்லது நீங்கள் கோரவேண்டுமா என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சங்கமே கோரும் பங்கை நீங்களும் தனியாகப் போய்க் கோரினால் வேறொரு சிக்கல் பிறக்கும். அதைக் கீழே சொல்கிறேன்.

எவ்வளவு பணம் என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு முறை ஒலித்தால் இவ்வளவு என்று நிலையான தொகை கிடையாது. அமெரிக்காவில் ஐந்து நிமிடத்துக்குள் முடியும் பாடல் குறுந்தகட்டிலோ இசைத்தட்டிலோ விற்றால், பிரதி ஒன்றுக்கு 2023இல் 12 சென்ட் என்று சட்டப்படி விகிதம் இருந்தது. ஸ்ட்ரீமிங்கில் அப்படி இல்லை. தளத்தின் வருவாயில் படைப்புகளுக்கென்று ஒரு சதவீதம் ஒதுக்கப்படுகிறது. அந்தத் தலைமை விகிதம் 2023இல் 15.1, 2024இல் 15.2, 2025இல் 15.3, அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 15.35 என்று தீர்மானிக்கப்பட்டது. இதோடு சந்தாதாரர் எண்ணிக்கையையும், ஒலிப்பதிவுகளுக்குத் தளம் கொடுக்கும் தொகையையும் வைத்துப் போடும் மாற்றுக் கணக்குகளும் உண்டு. கிடைக்கும் தொகையிலிருந்து பெர்ஃபார்மன்ஸ் ராயல்டியைக் கழித்தபின் எஞ்சுவதுதான் மெக்கானிக்கல் தொகை. அது அந்த மாதம் ஒலித்த பாடல்களுக்கெல்லாம், ஒலித்த அளவின்படி பிரிகிறது. சந்தா வகையும் கணக்கை மாற்றும். 2024 மார்ச்சில் ஸ்பாட்டிஃபை தன் பிரீமியம் சந்தாவை இசையும் ஒலிநூல்களும் சேர்ந்த தொகுப்பாகக் கணக்கிடத் தொடங்கியபோது, மெக்கானிக்கல் கணக்குக்கு வரும் வருவாயின் அளவு குறைந்தது. எம்எல்சி அதை எதிர்த்து அதே ஆண்டு மே மாதம் வழக்குத் தொடுத்தது. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், ஒலித்த எண்ணிக்கையை ஏதோ ஒரு தொகையால் பெருக்கி, அதை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம் என்பதுதான். நான் அப்படிக் கணக்கிட்டு வைத்திருந்த தொகைக்கும் பிறகு வந்த தொகைக்கும் பெரிய இடைவெளி இருந்தது.

எம்எல்சியின் தரவுத்தளத்தை உறுப்பினர் அல்லாதவர்களும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பாடலின் பெயரை இட்டுத் தேடியபோது எங்கள் பாடல் அங்கே இருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் இசையமைப்பாளரின் பெயர் மட்டும் இருந்தது; அவருடைய பப்ளிஷிங் நிர்வாக நிறுவனத்தின் பெயரில் 100 சதவீதமும் கோரப்பட்டிருந்தது. வரிகள் எழுதிய என் பெயர் எங்கும் இல்லை. அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் போனதைக் காட்டிலும், அந்தப் பாடல் உலகின் கணக்கில் என்னுடையதாகவே இல்லை என்பது வலித்தது. அதைவிடக் கடினமானது நண்பரைச் சந்தேகப்பட்ட நாட்கள். அவர் தெரிந்தே செய்திருப்பாரோ என்ற எண்ணம் வந்துபோனது. கேட்டால் நட்பு முறிந்துவிடுமோ என்ற தயக்கத்தில் வாரக்கணக்கில் பேசாமல் இருந்தேன். கடைசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் பேசினேன். அவர் அதிர்ந்துபோனார். தனக்கு வந்த அரையாண்டு அறிக்கைகளில் பாடல் வாரியாகத் தொகை இருந்ததே தவிர, எத்தனை சதவீதத்துக்கான தொகை என்று இல்லை என்றார். அறிக்கைகளை அப்படியே எனக்கு அனுப்பிவைத்தார். இத்தகைய விஷயத்தில் உடன் எழுதியவரிடம் உடனே, நேராக, ஆவணத்தை முன்வைத்துப் பேசிவிடுவது நல்லது. பேசாமல் இருந்த காலத்தில் எனக்குள் வளர்ந்த கசப்புக்கு எந்த அடிப்படையும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நீண்ட இழுபறி தொடங்கியது. என் பாதிப் பங்கை நான் கோரினேன். நிறுவனத்தின் கோரிக்கையோ 100 சதவீதமாகவே இருந்தது. கூட்டினால் 150. மொத்தக் கோரிக்கை 100 சதவீதத்தைத் தாண்டினால் சர்ச்சை தீரும்வரை பணம் நிறுத்திவைக்கப்படும். யார் சொல்வது சரி என்று வசூல் அமைப்பு தீர்ப்புச் சொல்வதில்லை. சம்பந்தப்பட்டவர்களே தங்களுக்குள் தீர்த்துக்கொண்டு பதிவைத் திருத்தவேண்டும். நண்பருக்கு வந்துகொண்டிருந்த பணமும் இதனால் நின்றது. நிர்வாக நிறுவனத்துக்கு எழுதினால் வாரங்கள் கழித்து வேறொருவர் பதில் எழுதுவார். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி விளக்கவேண்டியிருக்கும். எங்களைக் காப்பாற்றியது, பாடல் பதிவான வாரத்தில் நண்பர் எனக்கு அனுப்பிய மின்னஞ்சல். மெட்டு அவருடையது, வரிகள் என்னுடையவை, ஆளுக்குப் பாதி என்று இரண்டே வரிகளில் எழுதியிருந்தார். சம்மதம் என்று நான் பதில் எழுதியிருந்தேன். அதை ஆதாரமாக வைத்து இருவரும் கையெழுத்திட்ட பங்கீட்டுத் தாளைத் தயாரித்துக் கொடுத்த பிறகே நிறுவனம் தன் கோரிக்கையை 50 சதவீதமாகக் குறைத்தது.

பங்கீட்டுத் தாளில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடலின் பெயர், அதன் மாற்றுப் பெயர்கள், எழுதிய ஒவ்வொருவரின் முழுப்பெயர், அவரவர் பங்கு மெட்டா, வரிகளா, இரண்டுமா என்பது, சதவீதம், அவரவர் சங்கத்தின் பெயர், ஐபிஐ எண், பப்ளிஷர் இருந்தால் அவருடைய விவரம், தேதி, கையெழுத்து ஆகியவை போதும். சதவீதங்களின் கூட்டல் சரியாக 100 வரவேண்டும். பாடல் வெளியாகி, பணம் வரத் தொடங்கிய பிறகு இந்தத் தாளை எழுத உட்கார்ந்தால் ஒவ்வொருவருக்கும் தன் பங்கு பெரிதாகத் தெரியும். ஒலிப்பதிவு முடிந்த அன்றே எழுதிவிடுவதுதான் எல்லோருக்கும் எளிது.

ஐபிஐ எண் என்றேன். அது எழுதியவருக்கான அடையாள எண். சங்கத்தில் உறுப்பினராகும்போது கிடைக்கும். ரோமன் எழுத்தில் பெயர் எழுதும்போது நம்மைப் போன்றவர்களுக்கு அது மிகவும் தேவைப்படுகிறது. என் பெயர் ஒரு பதிவில் தலைப்பெழுத்து முன்னால் வந்தும், இன்னொன்றில் பின்னால் வந்தும், மற்றொன்றில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராக மாறியும் இருந்தது; நெடில் எழுத்துக்கு ஓரிடத்தில் ஒரு எழுத்து, ஓரிடத்தில் இரண்டு. கணினிக்கு இவர்கள் அனைவரும் வேறுவேறு ஆட்கள். எண்ணைச் சேர்த்துப் பதிவுசெய்த பிறகுதான் எல்லாம் ஒருவராக இணைந்தன. பாடலின் பெயருக்கும் இதே தொல்லை உண்டு. தமிழிலும் ரோமனிலும், ரோமனில் வழக்கத்திலுள்ள எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் மாற்றுப் பெயர்களாகப் பதிந்துவிடுங்கள்.

பாடலுக்கும் எண்கள் உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஐஎஸ்ஆர்சி என்பது ஒலிப்பதிவுக்கானது. எழுத்தும் எண்ணுமாகப் 12 இடங்கள் கொண்டது. விநியோக நிறுவனமே பெரும்பாலும் அதைக் கொடுத்துவிடும். ஐஎஸ்டபிள்யூசி என்பது படைப்புக்கானது. T என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். சங்கத்தில் படைப்பைப் பதிவுசெய்தால்தான் கிடைக்கும். தளங்கள் அனுப்பும் பயன்பாட்டு அறிக்கையில் இருப்பது ஒலிப்பதிவின் விவரம். அதைச் சரியான படைப்போடு பொருத்தினால்தான் பணம் எழுதியவருக்குப் போகும். பொருத்த முடியாவிட்டால் அடையாளம் தெரியாத தொகையாகத் தங்கிவிடும். அப்படித் தேங்கியது எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: எம்எல்சி தொடங்கிய உடனே, 2021 பிப்ரவரியில், தளங்கள் தங்களிடம் பொருத்தப்படாமல் கிடந்த பழைய ராயல்டியாக ஏறக்குறைய 42.4 கோடி டாலரை அதனிடம் ஒப்படைத்தன. அதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை. அத்தனையும் யாரோ எழுதிய பாடல்களுக்கான பணம்.

ஒரு படைப்புக்கு ஓர் ஐஎஸ்டபிள்யூசிதான், ஆனால் ஒலிப்பதிவுகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். எங்கள் பாடலின் மூலப்பதிவு, கருவியிசை வடிவம், நேரலை வடிவம், மற்றவர்கள் பாடியவை என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஐஎஸ்ஆர்சி. மற்றவர்கள் பாடிய பதிவுகளில் ஒலிப்பதிவு வருமானம் எங்களுக்கு இல்லை. ஆனால் படைப்புக்கான மெக்கானிக்கல் ராயல்டி முழுவதும் எங்களுடையது. அவற்றில் பல எந்தப் படைப்போடும் பொருத்தப்படாமலே கிடந்தன. தளங்களில் பாடலின் பெயரைத் தேடி, ஒவ்வொரு பதிவின் ஐஎஸ்ஆர்சியையும் குறித்து, ஒரு அட்டவணையாக்கி, ஒவ்வொன்றாகப் பொருத்தும் கோரிக்கை அனுப்பினேன். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் நான் செய்தவற்றிலேயே அதிகப் பலன் தந்தது இதுவே.

காலக்கெடு இருப்பதை எல்லோரும் கவனிக்கவேண்டும். எம்எல்சி உரிமை கோரப்படாத தொகையைச் சட்டப்படி குறைந்தது மூன்றாண்டுகள் வைத்திருந்து, அதன் பிறகு கோரப்படாததைச் சந்தைப் பங்கின்படி மற்ற உரிமையாளர்களுக்குப் பிரிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுச் சட்டத்தின்படியும், பணம் வசூலான நிதியாண்டு முடிந்து மூன்றாண்டுகளுக்குள் உரியவர் யார் என்று தெரியாவிட்டால் அது பகிர்ந்தளிக்க முடியாத தொகையாகக் கருதப்படும். எங்கள் பாடல் சில நாடுகளில் பதிவாகவே இல்லை. அங்கே தொடக்க காலத்துப் பணம் கெடு தாண்டிப் போய்விட்டது. அமெரிக்காவில் நிர்வாக நிறுவனம் வசூலித்த என் பாதியை நண்பர் தன் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தார், ஆனால் நிறுவனம் எடுத்த கமிஷன் திரும்பவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்த ஆண்டுகளில் எனக்கு வந்திருக்கவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் போய்விட்டது. பழைய தொகைக்காக இன்னும் காத்திருப்பவர்கள் ஒத்திப்போடவேண்டாம்.

நிர்வாக நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல நாடுகளில் தனி ஒருவராகப் பதிவுசெய்வது கடினம். நேர்மையாக நடக்கும் நிறுவனம் வாங்கும் கமிஷனுக்கு மேல் வசூலித்துக் கொடுக்கும். கையெழுத்திடும் முன் சிலவற்றை மட்டும் பார்த்துவிடுங்கள். பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறதா, அல்லது அதில் ஒரு பகுதியை எழுதிக் கொடுக்கிறீர்களா? கமிஷன் எந்தக் கட்டத்தில் கழிக்கப்படுகிறது. வெளிநாட்டுத் துணை நிறுவனம் ஒரு பங்கை எடுத்த பிறகு மீதியிலா, மூலத்தில் வசூலான தொகையிலா? ஒப்பந்தம் முடிந்த பிறகும் எத்தனை மாதங்களுக்கு அவர்களே வசூலிப்பார்கள்? அறிக்கையில் நாடு, தளம், சதவீதம் ஆகியவை வரி வரியாக வருமா? நீங்கள் ஒரு பகுதி மட்டுமே எழுதிய பாடலை அவர்கள் எத்தனை சதவீதமாகப் பதிவுசெய்வார்கள் என்பதையும் கேளுங்கள். எங்கள் துன்பம் முழுவதும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தொடங்கியது.

அமெரிக்காவிலிருந்து பணம் பெறும் வெளிநாட்டவர் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தைக் கொடுக்கவேண்டும். இல்லையென்றால் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட குறைந்த விகிதத்தைப் படிவத்திலேயே குறிப்பிடலாம். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் இறுதிவரை அது செல்லும்; பிறகு புதிதாகக் கொடுக்கவேண்டும்.

இப்போது எந்தப் பாடலையும் வெளியிடும் முன்பே பங்கீட்டுத் தாளில் கையெழுத்தாகிவிடுகிறது. வெளியான வாரத்தில் ஐஎஸ்ஆர்சியை வாங்கி, சங்கத்திலும் எம்எல்சியிலும் யார் எந்தப் பங்கைக் கோருகிறார்கள் என்பதை நண்பரோடு பேசி உறுதிசெய்துகொண்டு படைப்பைப் பதிகிறேன். எம்எல்சி ஒரு மாதத்தின் பயன்பாட்டுக்கான பணத்தை அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 75 நாட்களில் கொடுக்கிறது. மற்ற நாடுகளிலிருந்து வர இன்னும் நெடுங்காலம் ஆகும். அதனால் காலாண்டுக்கு ஒருமுறை பொதுத் தேடலில் எங்கள் எல்லாப் பாடல்களையும் பார்த்து, பங்குகளின் கூட்டல் 100 இருக்கிறதா, புதிதாக யாராவது பாடிய பதிவு பொருத்தப்படாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கிறேன். பரவிய அந்தப் பாடலுக்கு என் 50 சதவீதம் இப்போது என் பெயரிலேயே, என் ஐபிஐ எண்ணோடு இருக்கிறது. மற்றவர்கள் பாடிய பதிவுகளில் சில மட்டும் இன்னும் பொருத்தப்படவில்லை. அவற்றுக்கான கோரிக்கைகள் பரிசீலனையில் உள்ளன.